இடம் கொடுத்தா மட்டும் போதுமா?

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒண்ணு கொஞ்சம் பிரபலமாச்சுன்னா அடுத்து வர்ற யோசனை இதுதான்: "ஆளாளுக்கு எழுதுற லைப்ரரிகளை ஒரே இடத்துல சேர்த்து வைப்போம்." நல்ல யோசனைதான். ஆனா உடனே சர்வர், டிஸ்க், பேண்ட்வித்னு பேச ஆரம்பிச்சிடுறாங்க. அதெல்லாம் எப்படியும் சமாளிச்சிடலாம். எழுதினவர் ஒதுங்கிட்டா அந்த லைப்ரரியை யார் பாத்துக்கறது? இதுக்கு முதல் நாளே பதில் எழுதி வைக்கணும்ங்கறதுதான் என் கட்சி.

ஒதுங்கறதுக்கா காரணம் இல்லை? வேலை மாறலாம், குழந்தை பிறக்கலாம், சலிச்சுப் போகலாம். செத்தும் போகலாம்.

கோவிச்சுக்கிட்டும் போகலாம். 2016 மார்ச்ல என்பிஎம்-ல அதான் நடந்தது. ஒரு பெயர்த் தகராறுல ஒருத்தர் தன்னோட 250க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை மொத்தமா எடுத்துட்டார். அதுல ஒண்ணு லெஃப்ட்-பேட். சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்புற வேலை, வெறும் 11 வரி. அது இல்லாம பேபல் உட்பட ஏகப்பட்ட ப்ராஜெக்ட் படுத்துடுச்சு. அப்புறம்தான் நினைச்சப்ப எடுக்க முடியாதபடி விதியை மாத்தினாங்க.

2018-ல இன்னொரு கூத்து. ஈவன்ட்-ஸ்ட்ரீம்ங்கற பேக்கேஜை எழுதினவர், 'நான் பாத்துக்கறேன்'னு வந்த ஒருத்தர்கிட்ட சாவியைக் கொடுத்துட்டார். வந்தவர் பிட்காயின் திருடுற நிரலை உள்ள நுழைச்சுட்டார். எல்லாரும் பழையவரைத் திட்டினாங்க. காசு வாங்காம வருஷக்கணக்கா உழைச்ச மனுஷனைத் திட்டி என்ன பிரயோஜனம்? கைமாத்துறதுக்கு ஒரு ஒழுங்கான வழியை நாமதானே போட்டு வச்சிருக்கணும்?

பெர்ல்காரங்க இதை நல்லாவே யோசிச்சிருக்காங்க. அவங்க சீபேன் 1995-லேர்ந்து ஓடுது. ஒரு மாட்யூலை எடுத்து நடத்தணும்னா முதல்ல எழுதினவருக்கு மெயில் போடணும். பதில் இல்லைன்னா பொதுவுல அறிவிச்சுட்டு காத்திருக்கணும். அப்புறம்தான் நிர்வாகிகள் உரிமையை மாத்துவாங்க. காலமானவங்க, ரொம்ப நாளா ஆளே கிடைக்காதவங்க மாட்யூல்களுக்கு 'அடாப்ட்மீ'ன்னு ஒரு அடையாளம் வேற. தத்தெடுத்துக்குங்கன்னு அர்த்தம். எழுதினவர் அழிச்ச பழைய பதிப்புகூட 'பேக்பேன்'ங்கற கிடங்குல பத்திரமா இருக்கும்.

"எழுதினவரோட உரிமை என்னாகுறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நிரல் அவரோடதுதான், ஆசிரியர்னு அவர் பேர் கடைசிவரைக்கும் இருக்கணும். ஆனா கிடங்குல அந்த லைப்ரரியோட பேரு ஒரு விலாசம் மாதிரி. ஆயிரம் பேர் அந்த விலாசத்தை நம்பி வர்றாங்க. அதை அவர் ஒருத்தர் இஷ்டத்துக்கு விட முடியாது.

அதனால புதுசா கிடங்கு திறக்கறவங்களுக்கு மூணே விஷயம். ஏத்தினதை சுலபமா அழிக்க விடாதீங்க. ஒவ்வொரு லைப்ரரிக்கும் ரெண்டாவது ஆள் ஒருத்தரைக் கேட்டு வாங்குங்க. எத்தனை நாள் பதில் இல்லைன்னா கைமாறும்னு எழுதி வச்சிடுங்க. சர்வர் அப்புறம் வாங்கிக்கலாம் :-)