அரை விநாடி மௌனம்

டெல்லி ஸ்டுடியோவிலிருந்து செய்தியாளர் கேள்வி கேட்கிறார். எங்கோ மலைப்பிரதேசத்தில் மைக்கைப் பிடித்து நிற்கும் நிருபர், காதில் விழாதவர்போல ஒரு கணம் விழிக்கிறார். பிறகுதான் பதில் வருகிறது. தவறு அவருடையதல்ல. கேள்வி 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் இதற்குக் கால் விநாடி ஆகும். பதில் வந்துசேர இன்னொரு கால் விநாடி.

ஏன் அவ்வளவு உயரம்? பூமத்திய ரேகைக்கு மேலே அந்த உயரத்தில், பூமி சுழலும் திசையிலேயே சுற்றும் செயற்கைக்கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கிறது. நமக்கு அது ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் நிற்கிறது. மொட்டை மாடி டிஷ் ஆன்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். இப்படி மூன்று இருந்தால் உலகையே இணைக்கலாம் என்று 1945-லேயே எழுதினார் ஆர்தர் கிளார்க்.

அங்கே நடக்கும் வேலை எளிமையானது. பலவீனமாக வந்துசேரும் சிக்னலை டிரான்ஸ்பாண்டர் வாங்கி, அலைவரிசையை மாற்றி, பலப்படுத்திக் கீழே அனுப்புகிறது. மாற்றாவிட்டால், வருகிற முணுமுணுப்பு அதன் சொந்தக் கூச்சலிலேயே அமுங்கிவிடும். மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து கிடைக்கிறது. ஆனால் சூரியனும் சந்திரனும் இழுக்கும் இழுப்பில் இடம் பிசகாமல் நிற்க எரிபொருள் வேண்டும். அது தீர்ந்தால் கதை முடிந்தது. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ, எரிபொருளை இழந்து ஐந்தே மாதத்தில் கைவிடப்பட்டது.

இந்தியா இந்த வசதியை முதலில் கொண்டுபோனது கிராமங்களுக்கு. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ராஜஸ்தான், பீகார், ஒரிசா உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம் பற்றிய நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. சென்னைக்கு டிவி வந்ததே அதே மாதம்தான்.

இன்று தொலைபேசிப் பேச்சும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் கண்ணாடி இழைக் கேபிளில் போகின்றன. டிவியை விட்டால் செயற்கைக்கோளுக்கு வேறு வேலை இல்லையா?

படகுக்குக் கேபிள் இழுக்க முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையை விட்டுச் சற்று தூரம் போனாலே செல்போன் செத்துவிடும். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவேயில்லை. அன்றும் அவர்கள் தலைக்கு மேலே இந்திய செயற்கைக்கோள்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. அவை சொல்வதைக் கேட்கப் படகில் கருவி இல்லை.

2019-ல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. அதில் எச்சரிக்கையைப் பெறலாம். 'காப்பாற்றுங்கள்' என்று திருப்பிச் சொல்ல முடியாது. இருவழியிலும் செய்தி அனுப்பும் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது.

ராக்கெட் கிளம்பும்போது கைதட்டுகிறோம். தட்டவேண்டியதுதான். அது சுமந்துபோவதைக் கேட்கும் கருவி எத்தனை படகுகளில் இருக்கிறது என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும்.