பாணின் நிறையும் வணிகரின் நேர்மையும்

பாண் என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் இந்நாட்டில் விட்டுச் சென்றனர். அச்சொல்லோடு வந்த உணவு இன்று எளியோர் இல்லங்களின் காலையுணவாகிவிட்டது. பாணும் சம்பலும் உண்டு வகுப்புக்கு வரும் மாணாக்கர் பலரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பாணின் நிறை சிறிது குறைந்தாலும் அக்குறைவு ஒரு பிள்ளையின் பசியாக முடியும். இதனைச் சட்டத்தினாலே தடுத்தல் கூடுமா என ஆராய்வோர்க்கு இங்கிலாந்தின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்திலே, 1266ஆம் ஆண்டளவில், பாணுக்கும் மதுவுக்கும் உரிய சட்டமொன்று அங்கே எழுந்தது. அதன் முறை புதுமையானது. காற்பென்னிப் பாணின் விலை என்றும் காற்பென்னியே; மாறுவது அதன் நிறை. கோதுமையின் விலை இருமடங்கானால் பாணின் நிறை பாதியாகும். சுடுவோனின் செலவுக்கும் ஊதியத்துக்கும் உரிய பங்கு கணக்கிலே சேர்க்கப்பட்டது. ஒவ்வொருவனும் தான் சுட்ட பாணிலே தன் அடையாளத்தைப் பொறித்தல் வேண்டும். நிறை சிறிது குறைந்தால் தண்டப்பணம். மிகக் குறைந்தால் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்திற் பூட்டி ஊரார் காண நிறுத்துவர். இத்தண்டனைக்கு அஞ்சியே பன்னிரண்டு கேட்டவர்க்குப் பதின்மூன்று பாண் கொடுக்கும் வழக்கம் தோன்றியது என்பர்.

அச்சம் மட்டும் நேர்மையை வளர்த்துவிடவில்லை. 1327ஆம் ஆண்டிலே இலண்டன் நகரத்து ஜோன் பிரிட் என்பவனும் வேறு சிலரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அயலார் சுடுவதற்கெனக் கொண்டுவந்த பிசைந்த மாவை வைக்கும் பலகையிலே இரகசியத் துளையொன்று இருந்தது. மேசையின் கீழே ஒளிந்திருந்த வேலையாள் அத்துளை வழியே மாவைச் சிறிது சிறிதாகக் கிள்ளி எடுத்தான். உரியவரோ எதிரிலே நின்றும் அறிந்திலர். குற்றவாளிகளின் கழுத்திலே அம்மாவையே தொங்கவிட்டு மரச்சட்டத்திற் பூட்டுமாறு தீர்ப்பாயிற்று.

பின்னர், வாணிகம் தன் போக்கில் நடத்தல் வேண்டும் என்னும் கொள்கை வலுத்தது. இலண்டனில் 1815ஆம் ஆண்டிலும், ஏனைய இடங்களில் 1836ஆம் ஆண்டிலும் அப்பழஞ்சட்டம் நீக்கப்பட்டது. இதனால் நன்மை மட்டுமே விளைந்ததா? இல்லை. பாணை வெண்மையாக்கப் படிகாரம் கலப்பதை அக்கும் என்னும் இரசாயன அறிஞர் 1820ஆம் ஆண்டில் நூலெழுதிக் கண்டித்தார். 1850களில் ஹசல் என்னும் மருத்துவர் நுண்ணோக்கி கொண்டு உணவுப் பொருள்களை ஆராய்ந்து, அக்கலப்படம் எங்கும் பரவியிருந்ததை வெளிப்படுத்தினார். 1860ஆம், 1875ஆம் ஆண்டுகளில் அரசு மீண்டும் சட்டமியற்ற நேர்ந்தது.

கட்டுப்பாடு வணிகரை நசுக்கும் என்பர் சிலர். அதிலே உண்மை இல்லாமலில்லை. மாவும் விறகும் விலையேறிய காலத்தில் விலையை மட்டும் கட்டிவைத்தால், சுடுவோன் கடையை மூடுவான், அன்றேல் களவு செய்வான். ஆனால் விலை கூடுவதை வாங்குவோன் உடனே அறிவான்; நிறை குறைவதை அறியான். அறிந்து கொடுக்கும் அதிக விலை சுமையே. அறியாமற் பறிகொடுக்கும் நிறையோ களவாகும். ஆதலின், விலையை ஊருக்கு ஊர் விதித்த பழைய முறையை நாம் வேண்டுகின்றிலேம். அதனுள் அடங்கிய மூன்று அறங்களையே வேண்டுகின்றோம்: நிறை வெளிப்படையாதல் வேண்டும், செய்தவன் பெயர் தெரிதல் வேண்டும், அவனுக்கும் நியாயமான ஊதியம் கிடைத்தல் வேண்டும்.

2024ஆம் ஆண்டில் இலங்கை அரசும் ஓர் இறாத்தற் பாணின் நிறை 450 கிராம் என வர்த்தமானியில் விதித்தது. ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் சிக்கல் மாறவில்லை என்பதற்கு இதுவே சான்று. நம் கல்லூரியின் பழைய மாணவருள் வணிகரும் உளர், அதிகாரிகளும் உளர். கடையிலே தராசை வாங்குவோன் கண்முன் வைப்பது முன்னவர் கடன். அத்தராசை அஞ்சாது சோதிப்பது பின்னவர் கடன். இவ்விரண்டும் நிகழுமாயின், வகுப்பிலே வந்து அமரும் பிள்ளையின் வயிறு நிறையும். அதன் பின்னரே நாம் கற்பிக்கும் பாடமும் அவன் உள்ளத்திற் பதியும்.