மேட்டு மண்ணும் கீழூர்க் கடனும்

வெள்ளாறு கடலைச் சேரும் இடம் பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்ற அதன் பழைய பெயரும் அதன் கப்பல் வணிகமும் நம் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் அந்த ஊர் வழியே கடலுக்குப் போகும் நீர் எங்கிருந்து வருகின்றது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், எத்தனை பேர் கல்வராயன் மலை என்பார்கள்?

அம்மலையில் கருமந்துறைப் பக்கம் பெய்யும் மழை வசிஷ்ட நதியாக ஆத்தூர் வழியே இறங்குகின்றது. வெள்ளிமலைப் பக்கம் பெய்வது கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் பாய்ந்து, விருத்தாசலம் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலக்கின்றது. மழைக்கு அது ஒரே மலை. அரசுக்கோ கருமந்துறை சேலம் மாவட்டம், வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டம், ஆறுகள் கூடும் இடம் கடலூர் மாவட்டம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது நிர்வாகம் மக்களை நெருங்கி வந்தது. நல்லதே. ஆனால் ஆற்றின் மீது இன்னும் ஒரு கோடும் விழுந்தது. ஒவ்வோர் ஆட்சியரும் தம் எல்லைக்குள் தூர் வாரலாம், தடுப்பணை கட்டலாம். எல்லைக்கு அப்பால் சரிவில் நடப்பது அவருடைய கோப்பில் இல்லை.

சரிவில் நடப்பது என்ன? சாமையும் தினையும் விளைந்த மலைக்காடுகளில் பெருமளவு இன்று மரவள்ளி நிற்கின்றது. ஆத்தூர், சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகள் அதை வாங்குகின்றன. நம் பெருநாள் பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசிக்கும் அதில் பங்குண்டு. மரவள்ளி நட்ட முதல் இரண்டு மூன்று மாதங்கள் அதன் இலை நிலத்தை மூடுவதில்லை. திறந்து கிடக்கும் சரிவில் மழைத்துளி நேராக விழுகின்றது. அறுவடையின்போது கிழங்கைப் பிடுங்க மண்ணைக் கிளற வேண்டும். நெல்லைப் போல வேரை நிலத்தில் விட்டுவிட்டுக் கதிரை மட்டும் அறுக்கும் பயிரன்று அது. இப்படித் தளர்ந்த மேல்மண் அடுத்த பெருமழையில் ஓடைக்கு வந்து, கச்சிராயபாளையம் அருகே 1960களில் கட்டப்பட்ட கோமுகி அணையிலும் அதன் கீழுள்ள ஏரிகளிலும் படிகின்றது. மண் போன சரிவு மழையை உறிஞ்சாது. ஆகவே நான்கு நாள் வெள்ளம், பிறகு பல மாதம் வெறும் மணல் என்று ஆறு மாறுகின்றது. ஆற்றில் நன்னீர் குறைந்தால் கடல் மேலேறும். அதைத் தடுக்க வெள்ளாற்றின் குறுக்கே தடுப்பணை வேண்டுமென்று புவனகிரிப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. ஏரிகளில் படிந்த வண்டலை உழவர்கள் இலவசமாக அள்ளிச் செல்ல அரசு அனுமதிக்கின்றது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் மேலே ஒருவர் இழந்த மண்ணே கீழே இன்னொருவருக்கு உரமாக வருகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இழந்தவருக்கு யாரும் ஒரு கூடை மண்கூடத் திருப்பித் தருவதில்லை.

அந்த இழந்தவர் யார்? பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். 1976 வரை அம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பின்னும், நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் உரிமைப் பட்டயம் வழங்க இயலவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து அம்மலை மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தது. அத்தனை உயிர்கள் போன பிறகே நம் கண்ணும் அப்பக்கம் திரும்பியது.

பட்டா இல்லாதவரிடம் போய் மரம் நடுங்கள் என்று சொல்வது எளிது. கடுக்காயும் பலாவும் பயன் தரப் பல ஆண்டுகள் ஆகும். நாளை அந்த நிலம் தம்மிடம் இருக்குமா என்று அறியாதவர் பத்து மாதத்தில் காசாகும் மரவள்ளியையே நடுவார். அது அறியாமையன்று, கணக்கு. ஆகவே இந்த ஆற்றுப்படுகைக்கு எந்த நிலவளத் திட்டம் வந்தாலும் அதன் முதல் செலவு சிமெண்டாக இருக்கக்கூடாது, நில உரிமையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சமமட்ட வரப்பு, கல்வரப்பு, வெட்டிவேர் வரிசை, மரவள்ளிக்கு இடையே உளுந்து ஆகியன எல்லாம் அதன் பிறகு வரட்டும்.

மதீனாவில் மஹ்ஸூர் என்றோர் ஓடை இருந்தது. அதன் நீரைப் பங்கிடுவது பற்றி நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பை இமாம் மாலிக் அவர்களின் முவத்தா பதிவு செய்துள்ளது: மேட்டு நிலத்தவர் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிக்கொள்ளலாம், பின்னர் தாழ்நிலத்தவருக்குத் திறந்துவிட வேண்டும். மேட்டிலிருப்பவருக்கு முதலுரிமை, ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. ஒரே ஓடையில் வாழ்பவர்களை அது ஒருவருக்கொருவர் பொறுப்பாளிகளாக்குகின்றது. நாம் அதன் பிற்பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். தண்ணீர் வரவில்லையென்றால் கேட்கிறோம். மேட்டு நிலத்தவரின் முதலுரிமை பிழைத்திருக்கிறதா என்று கேட்பதில்லை.

எல்லை கடந்து ஓர் ஆற்றுப்படுகையை ஒன்றாகப் பேணுவது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் ஆப்பிரிக்காவின் காகெரா ஆற்றைப் பார்க்கலாம். புருண்டி, ருவாண்டா, தான்சானியா, உகாண்டா என்னும் நான்கு நாடுகள் அதன் படுகையைப் பகிர்ந்துகொள்கின்றன. விக்டோரியா ஏரிக்கு நீர் தருவது அது. 2010இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் நான்கு நாடுகளையும் சேர்த்து அங்கே ஒரு நிலவளத் திட்டத்தைத் தொடங்கியது. உழவர் வயல்வெளிப் பள்ளிகள் வழியே, தம் சரிவில் எந்த வரப்பு நிற்கும் என்பதைச் சிறு உழவர்கள் தாமே சோதித்துப் பார்த்தார்கள். உள்நாட்டுப் போர்களின் வடு ஆறாத நாடுகள் ஓர் ஆற்றுக்காக ஒரே மேசையில் அமர முடிந்தது. நமக்கு நடுவே இருப்பதோ வெறும் மாவட்ட எல்லை.

நம்மிடம் இதற்கு முன்மாதிரியே இல்லை என்பதும் அன்று. 2007இல் உலக வங்கிக் கடனுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டத்தின் பெயரே நீர்வள நிலவளத் திட்டம். மாவட்டத்தை விட்டு, 63 உபவடிநிலங்களை அலகாகக் கொண்டது அது. மேல் வெள்ளாறும் அவற்றுள் ஒன்று. அலகு சரியானது. ஆனால் பணத்தின் பெரும்பங்கு ஏரிக்கும் கால்வாய்க்கும் அணைக்கட்டுக்கும் போயிற்று. பெயரில் இருந்த நிலவளம் மலைச்சரிவு வரை ஏறவில்லை.

இதெல்லாம் அரசின் வேலை, நமக்கென்ன என்று ஒரு சகோதரர் கேட்கலாம். திட்டம் போட வேண்டியது அரசுதான். மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரு வெள்ளாற்றுக் குழுவை அமைக்க வேண்டியதும் அதுவே. ஆனால் கேட்பார் இல்லாத திட்டம் பிறப்பதில்லை. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், விருத்தாசலம், பரங்கிப்பேட்டை ஜமாஅத்துகள் இதுவரை இந்த ஆற்றுக்காக ஒன்றாகக் கூடி ஒரு மனு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்கள் நிலையான தர்மம் என்ற நிய்யத்துடன் ஊருக்கு ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தருகிறார்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் துளையிடுவதால் நிலத்தடியில் நீர் புதிதாகப் பிறப்பதில்லை. பக்கத்துத் தெருவின் கிணறு வற்றும் வேகமே கூடுகின்றது. அந்தத் தொகையில் ஒரு பங்கை வெள்ளிமலையில் ஒரு குடும்பம் கல்வரப்பு போடும் கூலிக்கும், கடுக்காய்க் கன்று காய்க்கும் வரை அக்குடும்பம் இழக்கும் வருமானத்துக்கும் கொடுத்தால் என்ன? பெறுபவர் வேறு சமயத்தவர், வேறு மாவட்டத்தவர் என்பது தடையாகாது. அவர் தடுத்து நிறுத்தும் நீர்தான் நம் கிணற்றுக்கு வருகின்றது. இதைத் தர்மம் என்பதைவிட நாம் தர வேண்டிய பாக்கி என்பதே பொருத்தம்.

இன்னொன்றுக்கு வெளியார் அனுமதி அதிகம் தேவையில்லை. இப்படுகையில் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் வக்ஃப் செய்யப்பட்ட விளைநிலங்கள் உண்டு. குத்தகைத் தொகை எவ்வளவு என்பதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் அந்த நிலத்தின் வரப்பு எப்படி இருக்கிறது என்பதிலும் முத்தவல்லிகள் காட்டலாம். அடுத்த குத்தகை எழுதும்போது வரப்பைக் காக்க வேண்டும், இத்தனை மரம் நிற்க வேண்டும், அதற்கு ஈடாக முதலாண்டுத் தொகையில் இவ்வளவு கழிவு என்று இரண்டு வரி சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.