டி.எஸ்.எல்.ஆரா, பாக்கெட் கேமராவா? பணத்தை எதுல போடலாம்?

கேமராவால வருமானம் வருமா? முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க.

மார்த்தாண்டம் பக்கம் கல்யாணம், ஞானஸ்நானம் எடுத்துச் சம்பாதிக்கணும்னா கேனன் 1500டி மாதிரி தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் சரி. சாதாரண காம்பாக்ட்டோட 1/2.3 இஞ்ச் சென்சாரைவிட அதோட சென்சார் கிட்டத்தட்ட 12 மடங்கு பெரிசு. மங்கலான வெளிச்சத்துல கைகொடுக்கும். ஆனா லென்ஸ், ஃப்ளாஷ்னு செலவு தொடரும்.

மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்புன்னு குடும்பப் படம் மட்டும்தானா? ஆப்டிகல் ஜூம் வேணும்னா பாக்கெட் கேமரா. இல்லைன்னா கையில இருக்குற போனே போதும். பீரோவுல தூங்குற கேமராவுக்கு இ.எம்.ஐ கட்டாதீங்க.

நம்ம மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் உண்டு. ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். எதை வாங்கினாலும் காத்துப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் முக்கியம்.

என் கருத்து: முதல் ரெண்டு ஆர்டரை வாடகைக் கேமராவுல எடுங்க. அந்தக் காசைச் சேர்த்து வாங்குங்க, கடன்ல வேண்டாம்.