இரண்டாவது கைப்பிடி

சென்ற ஞாயிற்றுக்கிழமை, என்னோடு கலாசாலையில் வாசித்த நண்பர் ஒருவர் வந்திருந்தார். தாண்டிக்குடிப் பக்கத்தில் அவருக்குக் காப்பித் தோட்டம். "வாத்தியாரே, ஜிப்ஸியை விற்றுவிட்டு டிஸையர் வாங்க வேண்டுமென்று வீட்டில் ஒரே பிடிவாதம். உம்முடைய அபிப்பிராயம் என்ன?" என்றார். மோட்டார் சாஸ்திரத்தில் எனக்குள்ள ஞானம் சொற்பம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எந்த உபாத்தியாயரால் முடியும்?

ஜிப்ஸி 1985-ஆம் வருஷம் டிசம்பரில் நம் நாட்டில் வந்து, 2019-ல் நின்றுபோனது. இரும்புச் சட்டத்தின்மேல் அமர்ந்த வண்டி. நாலு சக்கரங்களுக்கும் பட்டை வில்கள். தரைக்கும் அதன் அடிவயிற்றுக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. டிஸையருக்கு 163 தான். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் டிஸையர் ஓடும் தூரத்தில் ஜிப்ஸி பாதிதான் ஓடும். டிஸையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். நாலு மீட்டருக்கு உட்பட்ட சிறிய வண்டிகளுக்கு 2006-ல் சர்க்கார் வரிச் சலுகை அளித்ததால், 2012-ல் அதன் வாலைக் குறைத்தார்கள். தையற்காரர் வேலையை வரி இலாகா செய்ததென்று வைத்துக்கொள்ளலாம்!

ஜிப்ஸியின் மகிமையெல்லாம் கியருக்குப் பக்கத்திலுள்ள இரண்டாவது கைப்பிடியில் இருக்கிறது. அதை மாற்றினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இன்னும் ஒரு படி மாற்றினால் வேகம் குறைந்து பலம் பெருகும்.

"வருஷத்தில் எத்தனை நாள் அதைத் தொடுகிறீர்?" என்று கேட்டேன்.

"பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்."

"அந்தப் பன்னிரண்டு நாளுக்காக மற்ற நாளெல்லாம் குடும்பமே குலுங்க வேண்டுமா?"

நண்பர் சற்று மௌனமாயிருந்தார். பிறகு சொன்னார்: சென்ற ஐப்பசியில் ஒரு நள்ளிரவு, கொட்டுகிற மழை. தோட்டத் தொழிலாளி ஒருவரின் மனைவிக்குப் பிரசவ வேதனை. தார் சாலையைத் தொட இரண்டு மைல் களிமண் பாதை. அந்தக் கைப்பிடியின் தயவால்தான் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை சௌக்கியம்.

என் கணக்கு அங்கேயே பிழையாயிற்று. ஆனால் நண்பரின் தாயாருக்கு வயது 78. முன்பக்கம் இரண்டே கதவுகளுள்ள வண்டியில் ஏறி இறங்க முடியாமல், மதுரைக்குக் கண் வைத்தியரிடம் போவதையே அந்த அம்மாள் நிறுத்திவிட்டார். இதை என்ன செய்வது?

டிஸையரை வாங்கும்படியும், ஜிப்ஸியை விற்க வேண்டாமென்றும் சொன்னேன். விற்றால் புதிதாய் இன்னொன்று கிடைக்காது. தார் சாலை முடிகிற இடத்தில் ஒரு கொட்டகை போட்டுக் காரை நிறுத்தலாம். கடைசி இரண்டு மைலுக்குப் பழையவன் இருக்கிறான். 2012-ல் வாங்கிய வண்டியாதலால், 2027-ல் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். "இரண்டு வண்டிக்குப் பணம்?" என்றார். உயர்ந்த ரகம் வேண்டாம். 2024-ல் வந்த டிஸையரில் மலிவான ரகத்திலும் ஆறு காற்றுப் பைகள் உண்டு. ஜிப்ஸியில் ஒன்றுகூடக் கிடையாது.

முன்பணம் கொடுக்குமுன் தாயாரை அழைத்துப்போய் அதன் பின் ஆசனத்தில் ஒரு தடவை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மிகத் தாழ்ந்த ஆசனமும் முழங்காலுக்கு ஆகாது.