பெரிய ஆர்டர் முக்கியமா, கைக்கு வரும் பணம் முக்கியமா?

வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்க்கக் கூட்டம் வருவது பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரைதான். அவர்களை நம்பிக் கடை போடுபவருக்குச் சீசன் ஒருநாள் முடிந்துவிடும் என்பது தெரியும். மற்ற மாதங்களுக்கு வேறு வழி தேட வேண்டும் என்பதும் தெரியும்.

பெரிய தொழிற்சாலையை நம்பியிருப்பவருக்கு இந்த முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலைநகரில் இதைப் பார்த்தோம். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. அதை நம்பி உதிரிபாகங்கள் செய்துவந்த சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அது பேரிடி. அங்கு எஞ்சின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் ஏற்பட்டுள்ளது. ஆனால் உற்பத்தி 2029ஆம் ஆண்டில்தான் தொடங்கும். ஏழு ஆண்டுகள் ஒரு சிறு பட்டறையால் காத்திருக்க முடியுமா?

எனவே சிறுதொழில் செய்பவரின் முதல் கேள்வி, "எவ்வளவு ஆர்டர்?" என்பதல்ல. "எத்தனை பேரிடமிருந்து, எத்தனை நாளில் பணம் வரும்?" என்பதே.

பணம் தாமதமானால் கூலிக்கும் மூலப்பொருளுக்கும் கடன் வாங்க நேரிடுகிறது. வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம் குடும்பங்களுக்கு இது இரட்டைச் சோதனை. வாங்கியவர் பணம் தர மறந்ததால், விற்றவர் வட்டிக் கடையின் வாசலில் நிற்கிறார்.

இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள். இந்தக் கெடுவைத் தாண்டினால், பணம் கொடுக்கும்வரை அந்தத் தொகையை வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

ஆனால் 'உத்யம்' பதிவு இல்லாதவருக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே செய்யலாம். இருந்தும் "தெரிந்தவர்தானே" என்று பதிவும் இல்லாமல், பில்லும் இல்லாமல் சரக்கு அனுப்புவோர் பலர். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆன் (2:282) கட்டளையிடுவதை அறிந்த நாம், இதில் அலட்சியம் காட்டலாமா?

புதிய இயந்திரம் வாங்குவது அடுத்த மாதம் இருக்கட்டும். இந்த வாரம் பதிவை முடித்து, வரவேண்டிய பாக்கியைப் பட்டியலிடுவோம். அடுத்து, இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுவோம்.