பி.எட். வாசலோடு நின்றுவிடும் ஆயிரம் ரூபாய்

ஆடி பிறந்தால் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்குப் பூட்டு விழுவது வழக்கம். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரிநீர் வந்தால், மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை போட்டுவிடும். 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், மீன் வறுத்து விற்கும் பெண்கள் என யார் வீட்டிலும் அப்போது காசு புழங்காது. கல்வியியல் கல்லூரிகளில் சேர்க்கை நடப்பதும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். கட்டணத்துக்கு அவகாசம் கேட்டு நிற்கும் பெண்ணின் வீட்டில் வெள்ளத்தால் வருமானம் நின்றிருக்கிறது என்பது விண்ணப்பப் படிவத்தில் எங்கும் இருக்காது.

இந்தப் பெண்களைக் கல்லூரி வரை கொண்டுவந்ததில் புதுமைப்பெண் திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்கு உயர்கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே. 2022 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், இது தொடங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்த திருமண உதவித் திட்டம்தான் இப்படி உருமாறியது. அன்று எட்டாம் வகுப்பு படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஐயாயிரம் ரூபாய். பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கல்யாணச் செலவுக்குப் போன அரசுப் பணம் படிப்புச் செலவுக்குத் திரும்பியது, குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத தருமபுரி போன்ற மாவட்டத்தில் சாதாரண மாற்றமல்ல.

ஆனால் ஆசிரியர் கல்வி என்ற நம் துறையிலிருந்து பார்த்தால் இந்தத் திட்டத்தில் ஓர் ஓட்டை தெரிகிறது. மாணவி முதன்முறையாகச் சேரும் சான்றிதழ், பட்டய, பட்டப் படிப்புக்கு மட்டுமே அந்த ஆயிரம். பென்னாகரம் அரசு கலை அறிவியல் கல்லூரியில் கணிதமோ தமிழோ முடித்தவள் பி.எட். சேரும்போது உதவி நின்றுவிடுகிறது. ஆசிரியராகும் படிப்பு தொடங்கும் இடத்தில் ஆசிரியர் தினத்தில் பிறந்த திட்டம் விலகிக்கொள்கிறது.

2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் இருபது வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. அந்த நாட்களில் காலையில் கையெழுத்துப் போட்டால் மாலை மணி அடிக்கும் வரை பள்ளியில்தான் இருக்க வேண்டும். துணிக்கடை வேலை, டியூஷன் எல்லாம் முடங்கும். செலவோ கூடும்: பஸ், சார்ட், ரெக்கார்டு நோட்டு, தினம் மாற்றிக் கட்டப் புடவை. தருமபுரி மாவட்டத்தில் அரசுக் கல்வியியல் கல்லூரி கிடையாது. தமிழ்நாடு முழுக்க ஏழுதான். அவற்றுள் குமாரபாளையத்தில் இருப்பதே அருகிலானது என்று சொல்லலாம். ஒகேனக்கல்லிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரமல்ல. மிச்சமிருப்பது விடுதி, இல்லையேல் சுயநிதிக் கல்லூரி. இரண்டுக்கும் பணம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; ஆனால் ஊட்டமலை, நாகமரை போன்ற ஊர்களில் இருக்கும் எல்லா ஏழைப் பெண்களும் அந்தப் பிரிவுகளுக்குள் வந்துவிடுவதில்லை.

உதவி எதுவரை தொடர வேண்டும் என்பதை நூறாண்டுக்கு முன் சரியாகக் கணக்குப் போட்டவர் சகோதரி சுப்புலட்சுமி. இளம் விதவைகளுக்கு 1912-இல் எழும்பூரில் அவர் தொடங்கிய இல்லம் தங்க இடம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு எல்லாம் தந்தது. அதோடு நின்றால் அந்தப் பெண்கள் மறுபடி உறவினர் வீட்டு அடுக்களைக்குத்தான் போயிருப்பார்கள். ஆசிரியப் பயிற்சி வரை வழி போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் அவர்தான். ஏழு அரசுக் கல்வியியல் கல்லூரிகளில் ஒன்றாக, மெரினா கடற்கரையில், அது இன்றும் நடக்கிறது.

பி.எட். முடித்தவர்களே வேலையில்லாமல் இருக்கும்போது இன்னும் ஆட்களைச் சேர்க்கவா என்ற கேள்வி நம் ஆசிரியர் அறைகளிலேயே எழும். நியாயமான கேள்விதான். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேறிய பிறகும், 2018-இன் அரசாணை 149-ன்படி இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்த வகுப்புகளுக்குரிய பட்டயப் படிப்புக்குப் புதுமைப்பெண் ஆயிரம் கிடைக்கும், ஆனால் அதை நடத்தும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. வேலைக்குக் காத்திருக்கும் வரிசை நீளம்தான். ஆனால் அந்த வரிசையில் பணமுள்ள வீட்டுப் பெண்கள் மட்டும் நிற்கட்டும் என்பது அதற்குத் தீர்வாகாது.

ஆசிரியர்கள் தேவைப்படும் இடம் இதுதான்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றி அனுப்பிய கோட்டூர் மலை இந்தப் பென்னாகரம் தொகுதியில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்ப் பள்ளிகளுக்கு நியமனம் பெற்று வருபவர்களில் பலர் அடுத்த கலந்தாய்விலேயே இடமாறுதல் கேட்பதை நாம் அறிவோம். உள்ளூர்ப் பெண்ணுக்கு அதே ஊரில் பணி கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கிடைத்தால் அவள் அங்கே தங்குவாள் என்பது மட்டும் நிச்சயம்.

அரசிடம் நாம் கேட்பது பெரிதல்ல: புதுமைப்பெண் உதவி பி.எட். இரண்டு ஆண்டுக்கும் தொடரட்டும். ஒரு மாணவிக்கு இருபத்து நான்காயிரம் ரூபாய்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். கல்லூரி முதல்வர்கள் முதல் பருவக் கட்டணத்தைத் தீபாவளிக்குப் பின் தவணையாக வாங்கலாம். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளி ஒதுக்கும்போது பென்னாகரத்து மாணவியைப் பென்னாகரம் ஒன்றியத்துக்கே அனுப்பலாம். பஸ் செலவும் விடுதிச் செலவும் மிச்சமாகும். அத்துடன், சென்ற மூன்று ஆண்டுகளில் இடம் கிடைத்தும் பணமின்றிச் சேராமல் போன பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு உயர்கல்வித் துறைக்கும் சமூக நலத் துறைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே எழுதுங்கள்.